ஒரே தண்ணீர், நான்கு ஜோடி: பாளையங்கோட்டையில் ஒரு க்ளவுன் மீன் தொட்டி

ஆறடித் தொட்டி ஒன்றில் பெர்குலா, செபே, ஒசெல்லாரிஸ், டொமேட்டோ என்று நான்கு வகை க்ளவுன் மீன்கள் (கடலில் வாழும் சின்ன வண்ண மீன்கள்) ஜோடி ஜோடியாக இருக்கின்றன. மூன்று ஜோடி முட்டை வைக்கின்றன. தொட்டி ஒன்றுதான், ஆனால் உள்ளே மூன்று கண்ணாடிச் சுவர் உண்டு. தண்ணீர் நால்வருக்கும் பொது, இடம் தனித்தனி. வெவ்வேறு வகை ஜோடிகளை ஒன்றாக வளர்க்க இதைவிட நம்பகமான வழி கிடைக்கவில்லை. சுவர் இல்லாமல் வைத்தால் என்ன ஆகிறது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தொட்டியைத் தொடும் முன் மீன் எதுவென்று உறுதியாகத் தெரிய வேண்டும். அடுத்த அறையில் யாரை வைப்பது, எத்தனை அடி தருவது என்பதெல்லாம் அதை வைத்துத்தான். கடையில் ஆரஞ்சு உடம்பும் வெள்ளைப் பட்டையும் இருந்தால் எல்லாமே நீமோ. “ரெண்டும் ஒண்ணுதான் சார், இதுல கறுப்பு கொஞ்சம் ஜாஸ்தி” என்று அண்ணாச்சி ஒரு பெர்குலாவையும் ஒரு ஒசெல்லாரிஸையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்துவிடுவார். இரண்டும் சேர்ந்து ஜோடியாகவும் ஆகும், கலப்புக் குஞ்சும் வரும். அதன் பிறகு அந்தக் குஞ்சுகளுக்கு என்ன பெயர் சொல்லி விற்பது?

பார்ப்பதற்கு ஆறு அங்குல நீளம், நான்கு அங்குல உயரம், இரண்டு அங்குல அகலத்தில் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி போதும். இடம் குறுகலாக இருப்பதால் மீன் பக்கவாட்டில்தான் நிற்கும். முதுகுத் துடுப்பை விரிக்கும் நேரம் பார்த்து கைப்பேசியில் நான்கைந்து படம் எடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள். துடுப்பின் முன்பாதியில் உள்ள கெட்டி முட்கள் ஒசெல்லாரிஸுக்குப் பெரும்பாலும் 11, பெர்குலாவுக்குப் பெரும்பாலும் 10. இரண்டிலும் ஒன்று குறைந்த மீன்கள் உண்டு. ஆகவே எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். கண்ணைப் பாருங்கள். பெர்குலாவின் கருவிழியைச் சுற்றி பளீரென்ற ஆரஞ்சு வளையம் இருக்கும், அதனால் கண் சிறிதாகத் தெரியும். ஒசெல்லாரிஸில் அந்த வளையம் சாம்பல் கலந்து மங்கலாக இருப்பதால் கண் முழுக்கக் கறுப்பாக, பெரிதாகத் தோன்றும். வெள்ளைப் பட்டையின் கறுப்பு ஓரம் பெர்குலாவில் தடிப்பு, ஒசெல்லாரிஸில் மெல்லிய கோடு. ஆனால் வயதுக்கும் ஊருக்கும் தக்கபடி அது மாறும் என்பதால் அதைக் கடைசிச் சாட்சியாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். பட்டை சிதறிய ஸ்னோஃப்ளேக் ஒசெல்லாரிஸிலிருந்து வந்தது, பிக்காசோ பெர்குலாவிலிருந்து. இவற்றில் பட்டையைப் பார்த்துப் பயனில்லை, முள்ளும் கண்ணும்தான்.

நம் பக்கத்தில் அதிகம் குழம்புவது செபேயும் கிளார்க்கியும். இரண்டும் மன்னார் வளைகுடாவில் இருப்பவை. கடலில் பிடித்த மீன் தூத்துக்குடி வழியாக வருகிறது என்றால் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். செபேயில் நடுப்பட்டை நேராக நிற்காமல் பின்னோக்கிச் சாய்ந்து, முதுகுத் துடுப்பின் பின்பகுதிக்குள் ஏறிப் போகும். வால் மஞ்சள். கிளார்க்கியில் நடுப்பட்டை நிமிர்ந்து நிற்கும், வாலின் அடியில் மூன்றாவதாக ஒரு வெள்ளைப் பட்டையும் பெரும்பாலும் இருக்கும், வால் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ உடம்பைவிட வெளுத்திருக்கும். செபே போலவே பட்டை சாய்ந்து, வால் மட்டும் கறுத்து ஓரம் வெளுத்திருந்தால் அது சேடில்பேக்.

டொமேட்டோவில் வளர்ந்த மீனுக்குத் தலையில் ஒரே பட்டைதான். குஞ்சுக்கு இரண்டு மூன்று இருக்கும், வளர வளர மறையும். இரண்டு அங்குலத்துக்கும் குறைந்த டொமேட்டோவைக் கிளார்க்கி என்று வாங்கி வருவது இதனால்தான். பட்டையே இல்லாமல், விலாவில் கறுப்புத் திட்டோடு சிவந்திருப்பது அந்தமான் பக்கத்து எஃபிப்பியம். மெரூனைக் கண்டுபிடிக்க படமே வேண்டாம், கன்னத்தில் கண்ணுக்குக் கீழே முள் நீட்டிக்கொண்டிருக்கும். வலையில் பிடித்தால் அந்த முள் சிக்கிக்கொள்ளும். கோப்பையால்தான் அள்ள வேண்டும். மெரூன் இந்தத் தொட்டியில் இல்லை. பெண் மெரூன் தன் சொந்த ஆணையே விரட்டிக் கொல்லக்கூடியது, அதற்கு ஒன்றரை அடி அறை போதாது.

இனி தொட்டி. 6 × 1.5 × 1.5 அடி, 10 எம்எம் கண்ணாடி, சுமார் 380 லிட்டர். தண்ணீரும் கண்ணாடியும் சேர்ந்து அரை டன்னை நெருங்கும். மாடியில் வைப்பதானால் சுவரை ஒட்டி, உத்திரத்துக்கு நேர் மேலே வையுங்கள். ஸ்டாண்ட் ஒன்றரை அங்குலச் சதுரக் குழாயில் அடித்தது. உப்புத்தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தே இரும்பைத் தின்றுவிடும், வெல்டிங் முடிந்ததும் எபாக்சி பிரைமர் இரண்டு கோட் கட்டாயம்.

முதல் கட்டம் தடுப்பே இல்லாமல். ஒரு கோடியில் செபே ஜோடி, மறு கோடியில் ஒசெல்லாரிஸ் ஜோடி, இரண்டு பக்கமும் ஒரு மண்சட்டி, நடுவில் மறைப்புக்குக் கல். ஆரம்பத்தில் அமைதியாகவே போகும். அவரவர் சட்டியைச் சுற்றி ஒரு முழத்துக்குள்தான் சுற்றுவார்கள். இதைப் பார்த்துத்தான் “ஆறடி இருந்தா ரெண்டு ஜோடி வைக்கலாம்” என்ற பேச்சு ஓடுகிறது. சிக்கல் செபே முட்டைக்குத் தயாராகும்போது வரும். ஆண் சட்டியின் உட்புறத்தை வாயால் கடித்துக் கடித்துச் சுத்தம் செய்ய ஆரம்பித்ததும், பெண் காக்கும் எல்லை ஒரு முழத்திலிருந்து நடுக்கல்லுக்கு வந்து, அங்கிருந்து தொட்டி முழுக்கப் பரவும். ஒசெல்லாரிஸ் இரண்டும் மேல்மூலையில் மோட்டார் குழாயை ஒட்டி, துடுப்பு கிழிந்து நிற்கும். தீனி போட்டாலும் கீழே இறங்காது. அந்த நிலையில் கல்லைக் கூட்டியோ இடத்தை மாற்றியோ சரிக்கட்ட முடியாது, பிரிக்கத்தான் வேண்டும். முரட்டுத்தனத்தில் மெரூன் முதலில், அடுத்து டொமேட்டோ, அப்புறம் கிளார்க்கியும் செபேயும். பெர்குலாவும் ஒசெல்லாரிஸும் சாது. சாதுவையும் முரடையும் ஒரே வெளியில் விட்டால் எத்தனை அடியானாலும் முட்டைக் காலம் வரைதான் ஒப்பந்தம்.

இரண்டாவது கட்டம், துளை போட்ட அக்ரிலிக் தடுப்பு. 3 எம்எம் தெளிந்த தகடு, 5 எம்எம் துளைகள். தண்ணீர் இடது கோடியில் விழுந்து, மூன்று தடுப்பையும் கடந்து வலது கோடியில் வடியும். மலிவு, ஒரு நாள் வேலை. ஆனால் மூன்று இடத்தில் உதைத்தது. அக்ரிலிக் தண்ணீர் குடித்து வில்லாக வளைந்து பள்ளத்திலிருந்து வெளியே வந்தது. சிலிகான் அக்ரிலிக்கில் சரியாக ஒட்டாது என்பதால் அதை ஒட்டி நிறுத்தவும் வழியில்லை. துளைகளில் பாசி அடைத்து, முதல் அறைக்கும் கடைசி அறைக்கும் நீர்மட்டம் ஒரு விரற்கடை வித்தியாசப்பட்டது. கடைசி அறைக்குப் போனது மற்ற மூவரின் அழுக்கு. மூன்றாவதுதான் மோசம். தடுப்பு தெளிவாக இருந்ததால் செபே பெண் நாள் முழுக்க அடுத்த அறையைப் பார்த்து மோதிக்கொண்டே இருந்தது, உதடு வெளிறிப் புண்ணானது. விளக்குக்குப் போடும் கட்டக்கட்டமான பிளாஸ்டிக் கிரில்லைத் தடுப்பாக வைக்கலாம் என்பார்கள். அதன் கட்டம் அரை அங்குலம் இருக்கும், ஓரங்குல ஒசெல்லாரிஸ் தாராளமாக நுழைந்து போய்விடும்.

மூன்றாவது கட்டம்தான் இப்போது ஓடுவது. தொட்டியைக் காலி செய்து, 8 எம்எம் கண்ணாடியில் மூன்று சுவர் வைத்து, அடியிலும் இரு ஓரங்களிலும் சிலிகான் போட்டு அடைத்தாயிற்று. ஒவ்வோர் அறையும் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, 95 லிட்டர். சிலிகான் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காததாக இருக்க வேண்டும். ட்யூபில் பார்த்து வாங்குங்கள். ஒரு வாரம் காய விட்டு, ஓர் அறையை மட்டும் நிரப்பி அடுத்ததைக் காலியாக வைத்துக் கசிவு பார்க்க வேண்டும். எல்லா அறையும் நிறைந்திருந்தால் இரு பக்கமும் அழுத்தம் சமமாகிவிடும், சுவரின் கசிவு தெரியாது. சுவரின் மேல்விளிம்பு நீர்மட்டத்துக்கு மூன்று அங்குலம் மேலே. அதற்கும் மேல் சட்டம் கட்டிய நைலான் கொசுவலை. க்ளவுன் குதிக்காது என்று நம்பி மூடாமல் விட்டால் காலையில் பக்கத்து அறையில் பிணம் கிடக்கும்.

பார்வையை மறைக்க, ஒவ்வொரு கண்ணாடிச் சுவரையும் ஒட்டி 3 எம்எம் கறுப்பு அக்ரிலிக் தகடு ஒன்றைச் செருகியிருக்கிறது. ஒட்டவில்லை, இரு பக்கமும் 2 எம்எம் இடைவெளி விட்டு வெட்டி, மேலே பிளாஸ்டிக் கிளிப் மாட்டியது. கொஞ்சம் ஊதினாலும் பாதகமில்லை. தகட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே அழுக்கு சேரும் என்பதால் வாரம் ஒருமுறை தூக்கிக் கழுவ வேண்டும்.

வடிகாலுக்கு அறைக்கு ஒரு துளை, பின்கண்ணாடியில். துளை போட்ட பிறகுதான் தொட்டியை ஒட்ட வேண்டும், டஃபன் கண்ணாடியில் துளை போடவே முடியாது. நம் விஷயத்தில் ஒட்டிய தொட்டி. வைரத்தூள் பிட்டால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே மெதுவாகப் போட்டது. கண்ணாடிக்காரர் அறைக்கு 300 ரூபாய் கேட்டார், நியாயமான கூலிதான். டேங்க் கனெக்டரை முதலில் வாங்கி அதன் கழுத்தை அளந்து பிட் எடுங்கள். ‘ஒரு இஞ்ச்’ என்று எழுதியிருப்பது உள்ளே செருகும் பைப்பின் அளவு, துளையின் அளவு அதைவிடப் பெரிது. உட்பக்கம் மேல்நோக்கி ஓர் எல்போ, அதில் ஒரு துண்டுக் குழாய். அந்தத் துண்டின் உயரம்தான் அறையின் நீர்மட்டம். வாயில் ஹேக்ஸா பிளேடால் 3 எம்எம் அகலத்தில் பல் பல்லாக வெட்டினால் மீன் போகாது, பாசித் துணுக்கு போகும்.

வரத்துக்கு 25 எம்எம் பிவிசி மெயின், அதிலிருந்து நான்கு 20 எம்எம் கிளை, கிளைக்கு ஒரு பால் வால்வ். நெல்லை ஜங்ஷன் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் வால்வ் என்று கேட்டால் பித்தளையைத்தான் முதலில் எடுத்துப் போடுவார்கள். வேண்டாம். உப்புத்தண்ணீரில் பித்தளை அரித்துச் செம்பு தண்ணீரில் இறங்கும். முழுக்கப் பிளாஸ்டிக்தான், கிளிப்பும் நைலான். மோட்டார் பெட்டியில் மணிக்கு 3000 லிட்டர் என்று போட்டிருந்தாலும் நாலடி உயரம் ஏறி வரும்போது பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் தேறுகிறது. அறைக்கு மணிக்கு 400 லிட்டர் என்பது கணக்கு. அளக்க மீட்டர் தேவையில்லை: ஒரு லிட்டர் ஜக் ஒன்பது விநாடியில் நிறைந்தால் அது 400. ஒரு வால்வைத் திருகினால் மற்ற மூன்றும் மாறும் என்பதால் சுற்றிச் சுற்றி வந்து சரி செய்ய வேண்டியிருக்கும்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று முதலிலேயே கணக்குப் போட வேண்டும், நம் ஊரில் அது நிச்சயம் போகும். தொட்டியில் நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் கீழே வடிகால் தண்ணீர் வந்து சேரும் பெட்டியான சம்ப்புக்கு 8 லிட்டருக்கு மேல் வரும். வரத்துக் குழாயின் வாய் தண்ணீருக்குள் ஆழமாக இருந்தால் அது தலைகீழாக உறிஞ்சி நான்கு அறையையும் இறக்கிவிடும். குழாயில் நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே 4 எம்எம் துளை ஒன்று போட்டால், மட்டம் அங்கே வந்ததும் காற்று புகுந்து உறிஞ்சுதல் நிற்கும். அந்தத் துளையில் உப்பும் பாசியும் அடைக்கும், பல்குச்சியால் குத்திவிடுங்கள். சம்ப் 3 × 1.25 × 1.25 அடி, 130 லிட்டர் பிடிக்கும், பாதிதான் நிரப்புகிறோம். மீதிப் பாதி திரும்பி வரும் தண்ணீருக்கு. சம்ப்பில் அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர், நல்ல பாக்டீரியா குடியிருக்க செராமிக் மீடியா. தவிர அறைக்கு ஒரு காற்றுக்கல், அதன் ஏர் பம்ப் மட்டும் இன்வெர்ட்டரில். 2023 டிசம்பர் வெள்ளம் போல மின்சாரம் நாள்கணக்கில் இல்லாவிட்டால் மோட்டாரை ஓட்டப் பார்க்காமல், தீனியை நிறுத்தி, காற்றை மட்டும் காப்பாற்றுவதே உத்தமம்.

மீன் நீங்கலாக ஆன செலவு: தொட்டியும் சுவர்களும் 14,500 ரூபாய், சம்ப் 3,200, ஸ்டாண்ட் 7,500, பைப்பும் வால்வும் 2,800, மோட்டார் 3,400, ஸ்கிம்மர் 6,500, துளைக்கூலி 1,200. மொத்தம் 39,100.

தண்ணீர் உவரிப் பக்கத்துக் கடலிலிருந்து. புன்னைக்காயல் பக்கம் எடுக்க வேண்டாம். தாமிரபரணி கடலில் சேரும் இடம், ஐப்பசி கார்த்திகையில் உப்பளவு இறங்கிக் கலங்கலாக இருக்கும். எங்கே எடுத்தாலும் உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை வைத்து 1.023-க்குக் கீழே இருந்தால் கேனில் பிடிக்காமல் திரும்பிவிடலாம். வந்த தண்ணீரைத் துணிப்பையில் வடிகட்டி, 200 லிட்டர் டிரம்முக்கு 10 சதவீத ஹைப்போகுளோரைட் 20 மில்லி விட்டு, ஒரு நாள் மூடி வைத்து, பிறகு குளோரினை முறிக்கும் தயோசல்ஃபேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, குளோரின் கிட் நிறமே காட்டாமல் போகும் வரை காற்றடிக்க வேண்டும். வாரம் இரண்டு 20 லிட்டர் கேன் மாற்றினால் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு.

சித்திரை வைகாசியில் பாளையங்கோட்டை அறைக்குள் தண்ணீர் 31, 32 டிகிரிக்குப் போகும். சம்ப் மேல் இரண்டு சின்னக் காற்றாடி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்குகிறது. விலை, தினம் ஆவியாகும் நாலைந்து லிட்டர். அதை ஈடுகட்ட ஆர்ஓ தண்ணீர்தான் விட வேண்டும். உப்பு ஆவியாவதில்லை, கடல்தண்ணீரை ஊற்றி ஈடுகட்டினால் உப்பளவு ஏறிக்கொண்டே போகும். உப்பளவு 1.025, பிஹெச் 8.1-லிருந்து 8.3, அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். தொட்டி பதமாக ஐந்தாறு வாரம் ஆகும், அதற்கு முன் மீன் வேண்டாம்.

க்ளவுன் மீன் கடலில் குடியிருக்கும் கடல்சாமந்தி (அனிமோன்) போடவில்லை. பண்ணையில் பிறந்த ஜோடிக்கு அது அவசியமே இல்லை, சாமந்திக்கு வேண்டிய விளக்குச் செலவும் மிச்சம். அதற்குப் பதில் காருகுறிச்சியில் வாங்கிய, மெருகு பூசாத சின்ன மண்சட்டி, அறைக்கு ஒன்று. ஒரு வாரம் ஊறப்போட்டு, பாதியாக உடைத்து, விளிம்பைத் தேய்த்துவிட்டு, வாய் முன்கண்ணாடியைப் பார்க்கும்படி சாய்த்து வைத்தால் முட்டை வைப்பதை வெளியிலிருந்தே பார்க்கலாம். கடலிலிருந்து பவளக்கல் எடுத்து வந்து போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

அறை வரிசை இடமிருந்து பெர்குலா, செபே, ஒசெல்லாரிஸ், டொமேட்டோ. பெர்குலாவும் ஒசெல்லாரிஸும் அடுத்தடுத்து வராததற்குக் காரணம் குதித்தல். அறை மாறிக் குதித்த ஆண் எது என்று அடையாளம் தெரியாமல் கலப்பு ஆகிவிடக் கூடாது.

ஜோடி சேர்க்க, ஒரே வகையில் ஒன்று மற்றதைப் போல ஒன்றரை மடங்கு இருக்கும்படி இரண்டு எடுத்தால் போதும். க்ளவுன் மீனில் எல்லாம் முதலில் ஆண் தன்மையோடு வளர்பவை. பெரியது பெண்ணாகும், அடுத்தது ஆணாகவே நிற்கும். பெண்ணான மீன் திரும்ப ஆணாகாது. ஆகவே முட்டையிட்ட பெரிய மீன் இரண்டை ஒரே அறையில் விட்டால் ஒன்று சாகும் வரை சண்டைதான். சின்னதை முதலில் அறையில் விட்டு இரண்டு நாள் பழக விடுங்கள், பெரியதைத் துளைப்பெட்டியில் மிதக்க விடுங்கள். சின்னது பெட்டி அருகே வந்து, உடம்பை ஒருக்களித்து, தலையிலிருந்து வால்வரை விறைத்துச் சில விநாடி படபடவென்று நடுங்கும். அதுதான் பணிவு. அதைக் கண்ட பிறகு பெட்டியைத் திறக்கலாம். இரண்டும் நெஞ்சை நிமிர்த்தி வாயோடு வாய் கவ்வினால் அந்த ஜோடி ஒத்துவராது, வேறு சின்னதைத் தேடுங்கள்.

பொதுத் தண்ணீரின் பெரிய குறை நோய். ஓர் அறையில் வெண்புள்ளி வந்தால் நான்கிலும் வந்த மாதிரிதான். கடலில் பிடித்த செபேயோடு வெண்புள்ளியும் வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோயும் வரலாம். உடம்பில் பால் போலக் கோழை படர்ந்து, தீனி எடுக்காமல் மேலே வந்து வேகமாகச் செவுள் அடித்தால் அது புரூக்லினெல்லா, ஓரிரு நாளில் ஆளைத் தீர்த்துவிடும். எந்த மீனும் நான்கு வாரம் தனித்தொட்டியில் இருந்த பிறகே இங்கே வர வேண்டும். தனித்தொட்டியின் வலை, ஜக், குழாய் எதுவும் இந்தப் பக்கம் வரக்கூடாது. நீல டேப் ஒட்டியது அங்கே, சிவப்பு இங்கே. செம்பு மருந்து போடுவதானால் அங்கேதான்.

மறுபடி கட்டினால் மாற்றுவது நான்கு. ஒவ்வொரு வால்வுக்கும் மேலும் கீழும் யூனியன் (திருகிக் கழற்றும் இணைப்பு) வேண்டும். இப்போது ஒரு வால்வைக் கழற்ற மெயினையே அறுக்க வேண்டும். வடிகால் துளையை அறையின் நடுவில் போடாமல் மூலையில் போட வேண்டும், நடுக்குழாயில் தூரிகை மோதி சுத்தம் செய்வது தொல்லை. டொமேட்டோ அறையை இரண்டடியாக்கி, பெர்குலாவுக்கு ஓரடி போதும். ஸ்டாண்டை ஓரங்குலம் உயர்த்தினால் ஸ்கிம்மர் கோப்பையைச் சாய்க்காமல் எடுக்கலாம்.

முட்டை பொரிக்கும் இரவில் கவனிக்க ஒன்று உண்டு. 27, 28 டிகிரியில் முட்டை ஏழெட்டு நாளில் கண் வெள்ளி போல மின்ன ஆரம்பிக்கும். அன்றோ மறுநாளோ விளக்கணைத்து ஓரிரு மணி நேரத்தில் பொரியும். குஞ்சு 3 எம்எம் பல்லில் தாராளமாகப் போகும். அன்று சாயங்காலமே அந்த அறையின் வால்வை மூடிவிட்டு, காற்றுக்கல்லை மட்டும் மெதுவாக விடுங்கள். மூடியதும் மற்ற மூன்று அறைக்கும் வரத்து கூடும், பல் வெட்டிய குழாய்கள் தாங்காமல் மட்டம் ஏறும். அதற்காக மோட்டார் வாயில் சம்ப்புக்கே திரும்பும் ஒரு பைபாஸ் வால்வ் வைத்திருக்கிறது. அதை அரைத் திருகு திறந்தால் மட்டம் பழைய இடத்துக்கு வந்துவிடும்.